வெண்ணெயை விரட்டாதே

அடையாற்றில் தனிக்குடித்தனம் போன பத்தாம் நாளே, "பாட்டி, வெண்ணெய் எப்படி எடுக்கறது?" என்று கேட்டாய். கண்ணம்மா, பக்குவத்தை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். மயிலாப்பூர் அடுக்களையில் நான் கெடுத்த வெண்ணெயின் கணக்கை என்னைத் தவிர யார் தருவார்கள்?

1. விடியலில் கடை. கல்யாணமான புதிதில், ஒரு சித்திரை மாதம், தூங்கி எழுந்து பதினோரு மணிக்கு மத்தைப் பிடித்தேன். களிம்புபோல் ஏதோ கொஞ்சம் ஒட்டியது, அவ்வளவுதான். மாமியார் மோரை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெண்ணெய் இங்கேதான் இருக்கு" என்றார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். ஏடு திரள 12, 15 டிகிரிக் குளிர்ச்சி பிடிக்கும். சென்னையில் பதிவான மிகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரிதான், அதுவும் 1895 டிசம்பரில்! இந்த ஊர்க்காரிக்குத் தண்ணீர்தான் துணை. சித்திரையில் ஐஸ் தண்ணீர் விடு. மார்கழியில் குளிர்ந்த தண்ணீரே போதும். ஏடு ஃப்ரிட்ஜில் விறைத்துக் கிடந்தால் ஒரு கரண்டி வெந்நீர்.

2. திரண்டதும் நிறுத்து. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை உனக்குத் தெரியும். மிக்ஸியில் தாழி உடையாது, ஆனால் வெண்ணெய் உடையும். இன்னும் கொஞ்சம் வரும் என்று ஓட்டிக்கொண்டே இருந்தால், ஜாரின் சூட்டில் திரண்டதும் இளகி மோரோடு போய்விடும். ஆசைப்பட்டு நான் இழந்தது ஒரு நாள் இரண்டு நாள் இல்லை.

3. உருகிப்போனதை ஒளிக்காதே. ஒரு மே மாதம் தி. நகரில் வெண்ணெய் வாங்கிக்கொண்டு, அப்படியே ரங்கநாதன் தெருவில் ரவிக்கைத் துணி பார்க்க நுழைந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தால் பைக்குள் எண்ணெய். யாருக்கும் சொல்லாமல் ஃப்ரிட்ஜில் வைத்து இறுக வைத்தேன். பார்வைக்கு வெண்ணெய்தான். மறுநாள் முறுக்கு மாவில் மேலாக அள்ளிப் போட்டுப் பிசைந்தேன். எண்ணெயில் விட்டதும் ஒவ்வொரு முறுக்கும் பொடிப்பொடியாய்ப் பிரிந்தது. வெண்ணெயில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கிறது. உருகினால் அது அடியில் தங்கிவிடும், மேலே நிற்பது வெறும் கொழுப்பு. கொழுப்பு கூடினால் முறுக்கு நிற்காது. உருகிவிட்டது என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நல்ல நெய்யாவது காய்ச்சியிருப்பார் மாமியார்.

4. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெண்ணெயிடம் மல்லுக்கு நிற்காதே. பாலின் கொழுப்பு ஒன்றல்ல, ஒரு கூட்டுக்குடும்பம். சிலது குளிரிலேயே இளகும், சிலது உடம்புச் சூடு வந்தால்தான் மனம் இரங்கும். வெளியே வைத்துக் காத்திரு. நம் ஊரில் ரொம்ப நேரம் ஆகாது.

5. நெய் காய்ச்சும்போது காதைக் கொடு. முதலில் சடசடவென்று பொரியும். அது தண்ணீர் வெளியேறும் சத்தம். தண்ணீர் இருக்கிறவரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், ஒன்றும் கெடாது. சத்தம் அடங்கினால்தான் ஆபத்து. அதன்பிறகு சூடு விறுவிறுவென்று ஏறும், அடியில் இருக்கும் கசண்டு பொன்னிறமாகி, சிவந்து, கண் மூடித் திறப்பதற்குள் கருகும். எனக்குக் கருகியது ஒரு தொலைபேசி அழைப்பில். யாரோ யாரையோ பற்றிச் சொன்ன வம்பு; இன்றைக்கு அது நினைவில்லை, கருகல் வாசனை நினைவிருக்கிறது. நுரை அடங்கி மணம் எழும்பும்போதே, கசண்டு பொன்னிறமாக இருக்கையில், ஒரு கொத்து முருங்கைக்கீரையைப் போட்டு இறக்கிவிடு. மிச்ச வேலையைப் பாத்திரத்தின் சூடு பார்த்துக்கொள்ளும். ஆறுமுன் மூடாதே, மூடியில் வியர்க்கும் நீர் நெய்யில் சொட்டும்.

6. நெய்யின் தோற்றத்தை வைத்து ஆளை எடைபோடாதே. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்தது. அந்த வாரம், வழக்கமாக ஊத்துக்குளி நெய் கொண்டுவருபவர் தந்த ஜாடி தண்ணீராய் நின்றது. "மணல் மணலாய் இல்லையே, எதைக் கலந்தீர்கள்?" என்று வாசலில் நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. காசு வாங்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அலமாரியில் மறந்துபோன அதே ஜாடி, மார்கழிப் பனியில் மெல்ல உறைந்து, ரவை ரவையாய் அழகாக நின்றது. பணத்தை எடுத்து வைத்துக்கொண்டு பல நாள் வாசலில் காத்திருந்தேன். அவர் எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.