பாடம் 6: அறிவித்து, செலுத்தி, நிறைவேற்றி – சீட்டாட்ட விதிகளும் வினையெச்சமும்

நுழையுமுன்

ஊனோ ஆடாத மாணவர் நம் வகுப்புகளில் அரியர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் மெர்ல் ராபின்ஸ் என்பவர் 1971இல் உருவாக்கிய ஆட்டம் அது. அதில் ஒரு வினாவுக்கு விடை கூறுங்கள். ஒருவர் தம் கையில் எஞ்சிய ஒரே சீட்டை இறக்கி வென்றுவிடுகிறார். அச்சீட்டு 'இரண்டு எடு' என்னும் சீட்டு. ஆட்டம் முடிந்துவிட்ட நிலையில் அடுத்தவர் இரண்டு சீட்டுகளை எடுக்க வேண்டுமா?

பலரும் வேண்டியதில்லை என்பர். எடுத்தே ஆக வேண்டும் என்கிறது விதி. எடுத்த சீட்டுகளின் புள்ளிகளும் வென்றவர் கணக்கில் சேரும். சீட்டை இறக்குதல் ஒரு வினை. அதன் பயன் நிறைவேறுதல் மற்றொரு வினை. வெற்றி முதல் வினையோடு வந்துவிட்டாலும் இரண்டாம் வினை நிலுவையில் நிற்கிறது. ஒரு வினை முடிந்து மற்றொரு வினை முடியாதிருக்கும் இவ்விடைவெளியே இப்பாடத்தின் பொருள். தமிழ் இலக்கணத்தில் இவ்விடைவெளியைக் காட்டும் சொல் வினையெச்சம்.

உரைப்பகுதி

இவ்விடைவெளியை மிக நுணுக்கமாக வகுத்த ஆட்டம் 'மேஜிக்: தி கேதரிங்'. கணிதம் பயின்ற ரிச்சர்ட் கார்ஃபீல்டு இதனை வடிவமைத்தார். 1993இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் தாமே தொகுத்த சீட்டுக்கட்டுடன் அமர்வார். நிலச் சீட்டுகளைப் பக்கவாட்டில் திருப்பினால் 'மானா' என்னும் ஆற்றல் கிடைக்கும். அந்த ஆற்றலை விலையாகக் கொடுத்து மந்திரங்களையும் உயிரிகளையும் களமிறக்க வேண்டும்.

ஒரு மந்திரச் சீட்டைப் பயன்படுத்துவோர் முதலில் அதனை அறிவிக்க வேண்டும். பின்னர் அது யார்மீது அல்லது எதன்மீது செல்கிறது என இலக்கைக் குறிக்க வேண்டும். அதன்பின் மொத்த விலை கணக்கிடப்படும். இறுதியில் விலை செலுத்தப்படும். இவ்வளவும் நடக்கும்போது எதிராளி இடைமறிக்க இயலாது. செலுத்தி முடித்த பிறகே அவருக்கு மறுமொழி கூறும் வாய்ப்பு வரும். இருவரும் அடுத்தடுத்து 'ஒன்றும் செய்யவில்லை' என்று விட்டுக்கொடுத்தால்தான் மந்திரம் நிறைவேறும்.

விலையைச் செலுத்த முடியவில்லை என்றால் அறிவித்ததே செல்லாது. சீட்டு கைக்குத் திரும்பும். ஆட்டம் அறிவிப்புக்கு முந்தைய நிலைக்குச் செல்லும். ஆனால் செலுத்தி முடித்த மந்திரத்தை எதிராளி 'கவுண்டர்ஸ்பெல்' போன்ற தடுப்புச் சீட்டால் முறியடித்தால் எதுவும் திரும்புவதில்லை. செலவழித்த ஆற்றலும் போயிற்று; சீட்டும் கழித்த குவியலுக்குப் போயிற்று. செலுத்துமுன் தவறினால் இழப்பில்லை. செலுத்தியபின் தவறினால் மீட்பில்லை.

இது கடுமையான விதியாகத் தோன்றலாம். எனினும் நேர்மையான விதி என்றே கருதுகிறேன். முறியடிக்கப்பட்ட மந்திரத்தின் விலை திரும்பக் கிடைக்குமானால் முயல்வோருக்கு இழப்பே இராது. அவர் அதே மந்திரத்தை மீண்டும் மீண்டும் முயல்வார். தடுப்பவரோ ஒவ்வொரு முறையும் தம் சீட்டையும் ஆற்றலையும் இழப்பார். தேர்வு விண்ணப்பங்களில் 'செலுத்திய கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்னும் வரியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அவ்வரி விண்ணப்பிப்பவரை மட்டுமே கட்டும். இங்கே விதி இருவரையும் ஒன்றுபோலக் கட்டுகிறது.

விலை எப்போதும் ஆற்றலாகவே இருப்பதில்லை. 'வில்லேஜ் ரைட்ஸ்' என்னும் சீட்டைப் பயன்படுத்த ஒரு கறுப்பு மானாவோடு தம் உயிரிகளுள் ஒன்றையும் பலியிட வேண்டும். பயனாக இரண்டு சீட்டுகள் கிடைக்கும். பலியிடுதல் இங்கே விலை, பயன் அன்று. ஆதலால் எதிராளி அதனைத் தடுக்க முடியாது. மந்திரத்தை முறியடித்தாலோ உயிரி போனது போனதுதான். இரண்டு சீட்டுகளும் வாரா. பலியிடுதலைப் பயனின் பகுதியாக எழுதியிருந்தால், மந்திரம் முறிந்த நிலையில் உயிரி பிழைத்திருக்கும். ஒரு சொற்றொடரை வாக்கியத்தின் எப்பக்கத்தில் வைக்கிறோம் என்பதே உயிரியின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. வேறு சில சீட்டுகளில் இவ்வெல்லையை ஒரு முக்காற்புள்ளி காட்டும். புள்ளிக்கு இடப்பக்கம் உள்ளது விலை, வலப்பக்கம் உள்ளது பயன். நிறுத்தக்குறிகளைப் பொருட்படுத்தாமல் எழுதும் மாணவர்கள் இதனை நினைவில் கொள்ளலாம்.

இனி வரிசைக்கு வருவோம். அக்காளும் தம்பியும் ஆடுகின்றனர். தம்பியின் களத்தில் ஒரு கரடி நிற்கிறது. அது 2 சேதம் விளைவிக்கும். 2 சேதம் பட்டால் மடியும். அக்கா 'லைட்னிங் போல்ட்' என்னும் மின்னல் சீட்டைக் கரடிமீது ஏவுகிறாள். விலை ஒரு சிவப்பு மானா. விளைவு 3 சேதம். அது நிறைவேறுமுன் தம்பி 'ஜயண்ட் குரோத்' என்னும் வளர்ச்சிச் சீட்டைத் தன் கரடிமீதே இடுகிறான். விலை ஒரு பச்சை மானா. அம்முறை ஆட்டம் முடியும்வரை கரடியின் இரு வலிமைகளும் மும்மூன்று கூடும். மறுமொழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, கடைசியாக வந்தது முதலில் நிறைவேறும். எனவே வளர்ச்சி முதலில் நிறைவேறிக் கரடி 5 சேதம் தாங்கும் கரடியாகிறது. அதன்பின் மின்னல் விழுகிறது, 3 சேதம் போதவில்லை, கரடி பிழைக்கிறது.

வரிசையை மாற்றிப் பாருங்கள். தம்பி முந்திக்கொண்டு வளர்ச்சிச் சீட்டை இடுகிறான். அது நிறைவேறுமுன் அக்கா மின்னலை ஏவுகிறாள். இப்போது மின்னல் மேலே இருப்பதால் அதுவே முதலில் நிறைவேறுகிறது. 2 சேதமே தாங்கும் கரடி மடிகிறது. பிறகு வளர்ச்சியின் முறை வரும்போது அதற்கு இலக்கே இல்லை; அது நிறைவேறாமல் கழிகிறது. தம்பி செலுத்திய பச்சை மானாவும் திரும்பாது. சீட்டுகளும் விலைகளும் ஆட்டக்காரர்களும் அவையே. யார் முதலில் பேசினார் என்பது மட்டுமே வேறு. இவ்வாட்டத்தில் பொறுத்திருந்து பேசுபவருக்கே பெரும்பாலும் ஆதாயம்.

'அடுக்கு' எனப்படும் இம்முறை ஆட்டம் தோன்றியபோதே இருந்ததன்று. 1999இல் வெளிவந்த ஆறாம் பதிப்பின் விதிகளில்தான் புகுந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் பயில்வோர் கடைசியில் சேர்த்ததை முதலில் எடுக்கும் இதே அமைப்பைப் பைதான் மொழியில் எழுதிப் பார்ப்பர்.

இன்னொரு நுட்பம். அடுக்கில் ஏறிய விளைவு தன்னைத் தோற்றுவித்த சீட்டைச் சார்ந்திராது. ஓர் உயிரி தன் திறனைப் பயன்படுத்திய பின் மடிந்தாலும் அத்திறன் அடுக்கில் இருந்து நிறைவேறும். அம்பு எய்தவன் வீழ்ந்தாலும் எய்த அம்பு பறந்துகொண்டுதான் இருக்கும்.

மொழிப்பகுதி

மேலே உள்ள பகுதியை எழுதும்போது தமிழ் வினைகள் எவ்வளவு வேலை செய்தன என்று கவனித்தீர்களா? 'செலுத்தி', 'செலுத்த', 'செலுத்தினால்', 'செலுத்துமுன்', 'செலுத்தியபின்' ஆகியவை ஒரே வினையடியிலிருந்து பிறந்தவை. விதி எழுதுவோர் இவற்றுள் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இட்டால் விதியே மாறிவிடும்.

பவணந்தி முனிவரின் நன்னூல் வினையெச்ச வாய்பாடுகள் பன்னிரண்டு என வகுக்கிறது. அவற்றுள் மூன்று நமக்கு இங்கே போதும்.

'செய்து' என்னும் வாய்பாடு இறந்தகாலம் காட்டும். 'விலை செலுத்திச் சீட்டை எடுத்தாள்' என்றால் செலுத்துதல் முடிந்த பிறகே எடுத்தல் நிகழ்ந்தது. அதைவிட முக்கியமானது, செலுத்தியவரும் எடுத்தவரும் ஒருவரே. செய்து என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டு முடியும் என்பது மரபு. இந்தி பயிலும் உங்களுக்கு இது எளிது. 'பைசா தேகர் லியா' என்னும்போது கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருவரே அல்லவா? 'தேகர்' என்பதன் இடத்தில் தமிழில் நிற்பது 'கொடுத்து'.

'செய' என்னும் வாய்பாடு பிறிதொரு வினைமுதலையும் ஏற்கும். 'தம்பி விலை செலுத்த, அக்கா தடுத்தாள்' என்று எழுதலாம். 'தம்பி விலை செலுத்தி, அக்கா தடுத்தாள்' என்று எழுதுதல் பொருந்தாது. 'மழை பெய்து வெள்ளம் வந்தது' என்று நாம் கூறுகிறோமே எனச் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. அதனை வினையெச்சத் திரிபு என்று இலக்கண உரைகள் அமைத்துக்கொள்ளும். வழக்கில் அது நிற்கட்டும். யார் செலுத்தினார், யார் பெற்றார் என ஐயம் வரக்கூடாத விதிமொழியில் திரிபைத் தவிர்ப்பதே நன்று.

'செயின்' எதிர்காலமும் நிபந்தனையும் காட்டும். இன்றைய உரைநடையில் 'செலுத்தினால்' என்போம். இங்கே செலுத்துதல் நடந்ததாகப் பொருளில்லை. 'உயிரியைப் பலியிட்டு இரண்டு சீட்டு எடு' என்பது கட்டளை. 'உயிரியைப் பலியிட்டால் இரண்டு சீட்டு எடு' என்பது விருப்பத்துக்கு விடுவது.

பெயரெச்சத்தோடு காலச்சொல் சேரும் தொடர்களிலும் விழிப்பு வேண்டும். 'களத்தில் நுழையும்போதே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடு' என்ற விதியில் நுழைதலும் தேர்தலும் ஒன்றாக நிகழ்வதால் எதிராளிக்கு இடைவெளி இல்லை. 'களத்தில் நுழைந்தவுடன் ஒரு சீட்டு எடு' என்ற விதியிலோ நுழைதல் முடிந்து, எடுத்தல் அடுக்கில் ஏறிக் காத்திருக்கிறது, எதிராளி குறுக்கிடலாம். 'உடன்' என்பதை விரைவு என்று மட்டும் படித்துப் பழகிய நமக்கு, அதற்குள்ளும் ஓர் இடைவெளி இருப்பது வியப்பளிக்கலாம்.

புணர்ச்சி: 'செலுத்திச் சென்றான்', 'கொடுத்துப் பெற்றான்', 'செலுத்தக் கேட்டான்' என வல்லினம் மிகும். 'வந்து போனான்', 'செய்து கொடுத்தான்' என்பவற்றில் மிகாது. எச்சத்தின்பின் காற்புள்ளி இட்டு நிறுத்தினாலும் மிகாது. இப்பாடத்தின் தலைப்பை மீண்டும் பாருங்கள்.

அருஞ்சொற்பொருள்

நிலுவை – முடிக்கப்படாமல் நிற்பது. வினைமுதல் – எழுவாய், செய்பவர். வாய்பாடு – மாதிரி வடிவம். முக்காற்புள்ளி – மேலும் கீழுமாக இரு புள்ளிகள் இடும் குறி. திரிபு – வடிவம் அல்லது பொருள் மாறி நிற்றல்.

பயிற்சி

1. 'ஜயண்ட் குரோத்' சீட்டைத் தம்பி முதலில் இட்டபோது கரடி ஏன் மடிந்தது? அடுக்கின் படம் வரைந்து, மூன்று வாக்கியங்களில் விளக்குக. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு வினையெச்சமேனும் அமைய வேண்டும்.

2. பொருத்தமான வடிவத்தை இட்டு நிரப்புக.
அ) அவன் ஆற்றலைச் ______ (செலுத்து) மந்திரத்தை ஏவினான்.
ஆ) அவன் ஆற்றலைச் ______ (செலுத்து), அவள் அம்மந்திரத்தை முறியடித்தாள்.
இ) ஆற்றலைச் ______ (செலுத்து) இயலாவிடில் சீட்டு கைக்குத் திரும்பும்.

3. 'சீட்டைப் பக்கவாட்டில் திருப்பு: விரும்பிய இலக்குக்கு 1 சேதம்.' இத்திறனைத் தம்பி பயன்படுத்தியவுடன் அக்கா அவ்வுயிரியை மின்னலால் மடியச் செய்கிறாள். அந்த 1 சேதம் நிகழுமா? காரணம் தருக.

4. வல்லினம் மிகும் இடங்களைத் திருத்தி எழுதுக: எடுத்து கொண்டான், பலியிட்டு பெற்றாள், வந்து சேர்ந்தான், திருப்பி கொடுத்தார்.

5. வீட்டில் நீங்கள் ஆடும் ஏதேனும் ஓர் ஆட்டத்தில் அடிக்கடி வழக்கெழும் விதி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதனை இருவேறு பொருள் வராதபடி நான்கு வாக்கியங்களில் எழுதுங்கள். பின்னர் அவ்வாட்டத்தை அறியாத வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுத்து, அவர் புரிந்துகொண்டதை அவர் சொற்களிலேயே எழுதி வாங்குங்கள். இரு எழுத்துகளும் எவ்விடத்தில் வேறுபடுகின்றனவோ அவ்விடத்து வினைச்சொல்லை வட்டமிட்டுக் கொண்டு வாருங்கள்.