நூற்கழியும் நேரிய அளவும்

முன்னுரை

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருசேரக் குறிப்பதாகும். ‘பனுவல்’ என்னும் சொல்லும் அத்தகையதே. நன்னூல் தந்த பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், மதியைக் கதிராகவும் உருவகித்து நூல் பிறக்கும் வகையை விளக்கினார். இந்நூற்பாவை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தி வருகிறோம். ஒருமுறை மாணவி ஒருத்தி எழுந்து, “கதிரில் சேர்ந்த நூல் எவ்வளவு என்று எப்படித் தெரியும், ஐயா?” என்று வினவினாள். உவமை கதிரோடு நின்றுவிடுகிறது. உழைப்போ அங்கு நிற்பதில்லை. கதிரிலுள்ள நூலைக் கழியாகச் சுற்றி அளந்த பின்னரே அது விலைக்கும் தறிக்கும் உரியதாகிறது. அவ்வினாவிற்கு விடையாக இக்கட்டுரை அமைகிறது.

எளிய கருவிகள்

கட்டைவிரலுக்கும் முழங்கைக்கும் இடையே நூலைச் சுற்றுவது பழைய வழக்கம். ஆயினும் ஒருவர் கை போல் மற்றொருவர் கை இராது. ஆகவே அது சுற்றுதற்கு உதவுமேயன்றி அளத்தற்கு உதவாது. பலகை ஒன்றில் ஏறத்தாழ இரண்டடி இடைவெளியில் இரண்டு முளைகளை அறைந்தால் அதுவே போதிய கருவியாகும். முளைகளின் பருமனும் அளவில் சேரும் என்பதை மறத்தலாகாது. எனவே, வெளிப்புறமாக ஒரு நாடாவைச் சுற்றிப் பார்த்து, ஒரு சுற்று சரியாக நான்கடி ஆகும்படி முளைகளை நிறுத்த வேண்டும். ஒரு கோலின் இருமுனைகளிலும் குறுக்குக்கட்டை பொருத்திய கைச்சட்டத்தை வடநாட்டார் ‘அட்டேரன்’ என்பர். மிகுதியாக நூற்போர் சுழலும் சட்டத்தைப் பயன்படுத்துவர்.

சுற்றும் முறை

நூலின் முனையை முளையில் தளர்வாகக் கட்டிச் சுற்றத் தொடங்குதல் வேண்டும். இழுத்துச் சுற்றினால் நூல் நீண்டு, சட்டத்தினின்று கழற்றியதும் சுருங்கி, அளவு பொய்க்கும். தளர்த்திச் சுற்றினால் இழைகள் சிக்கிக்கொள்ளும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அருகருகே படிதல் வேண்டும். மேலேறிய சுற்று கீழுள்ளதைவிட நீளமாகிவிடும்.

160 சுற்று ஆனதும், வேறு நிறநூலைக் குறுக்கே கோத்துக் கட்டுவர். இது கால் சிட்டம். இவ்வாறு நான்கு பகுதிகள் சேர்ந்து 640 சுற்றானால் ஒரு சிட்டம். எண்ணிக்கை இடையில் தவறினும் இக்கட்டு நம்மைக் காக்கும். முழுவதையும் எண்ணாமல் ஒரு பகுதியை மட்டும் எண்ணினால் போதும். கழற்றுவதற்கு முன்பே கழியை நான்கிடங்களில் கட்டிவிடுதல் இன்றியமையாதது. பின்னர்க் கழியை வெந்நீரில் இட்டு உலர்த்தினால் முறுக்கு நிலைபெறும். சுற்றும்போது நூல் அறுந்தால் சினங்கொள்ள வேண்டியதில்லை. தறியில் அறவேண்டிய நலிந்த இடம் இங்கேயே அகப்பட்டது எனக் கொள்ளலாம்.

அளவும் எடையும்

நான்கடிச் சுற்று 640 ஆயின் 2560 அடி. அதாவது 853 கஜமும் ஓரடியும். 1924இல் காந்தியடிகள் தலைமையில் பெல்காமில் கூடிய காங்கிரசு, உறுப்பினர் திங்கள்தோறும் 2000 கஜம் நூல் சந்தாவாகத் தரவேண்டும் என்று முடிவு செய்தது. அது 1500 சுற்று. இரண்டு சிட்டமும் 220 சுற்றும் ஆகும். காசுக்குப் பதிலாக நூல் நின்ற அந்நாளில், அளவு நாணயத்திற்கு நிகராயிற்று.

நூலின் நுண்மையை அறிய நீளத்தோடு எடையும் வேண்டும். ஒரு பவுண்டு எடையில் 840 கஜக் கழிகள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே நூலின் ‘நம்பர்’. 20ஆம் நம்பர் நூலாயின் 640 சுற்றுச் சிட்டம் ஏறத்தாழ 23 கிராம் இருக்கும். எண் உயர உயர நூல் மெலியும். அதற்கேற்பக் கூலியும் உயரும்.

இவ்விடத்தே நுட்பமான ஓர் உண்மை உண்டு. 20ஆம் நம்பர் நூலை 600 சுற்று மட்டும் சுற்றி 640 என்று கொடுத்தால், எடை குறைந்து அது 21ஆம் நம்பருக்கு மேற்பட்டதாகத் தோன்றும், வாங்குவோர் ஏமாறுவர். அறியாமையால் 680 சுற்றிவிட்டால், எடை கூடி அது 19ஆம் நம்பருக்கும் கீழ்ப்பட்டதாகத் தோன்றும். நாற்பது சுற்றுக்குக் கூலியில்லை. நல்ல நூலும் பருநூல் எனப் பெயர்பெறும். எண்ணத் தவறியவருக்கு இரட்டை இழப்பு.

ஒரு நினைவு

எம் உம்மம்மா இளமையில் இராட்டை நூற்றவர். நூலை எடுத்துக்கொள்ளும் இடத்தில் ஒருநாள், சுற்று குறைகிறது என்று கூறிக் கூலியைப் பிடித்துக்கொள்ள முற்பட்டனர். அவர் வாதிடவில்லை. பச்சைநூல் கட்டிய ஒரு கால் சிட்டத்தைக் காட்டி, “இதை நீங்களே எண்ணுங்கள், வாப்பா” என்றாராம். எண்ணினார்கள், 160 இருந்தது. மற்ற மூன்றையும் எண்ணினார்கள், அவையும் குறையவில்லை. கூலி முழுமையாக வந்தது. எழுத்தறியாத அவருக்கு அந்தப் பச்சைநூலே கணக்கேடு. “எண்ணத் தெரிந்தவளைத்தான் ஏமாற்ற முடியாது” என்று அவர் எமக்குச் சொல்லிவந்தது இன்றும் நினைவிலுள்ளது.

முடிவுரை

உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துச் சிதைத்த பெண்ணைப் போல் ஆகிவிட வேண்டா என்று, உடன்படிக்கையை முறிப்போரைத் திருக்குர்ஆன் 16ஆம் அத்தியாயத்தில் எச்சரிக்கிறது. அளவில் மோசம் செய்வோரைக் கண்டித்தே அதன் 83ஆம் அத்தியாயம் தொடங்குகிறது. நூற்பதும் அளப்பதும் ஓரறத்தின் இரு கூறுகள் என்பது இவற்றால் விளங்கும்.

மாணவச் செல்வங்களே! ஏட்டு நூலுக்கும் இது பொருந்தும். எழுதியதைக் கதிரிலேயே விட்டுவிடாமல், சுற்றி, எண்ணி, இடையிடையே கட்டி, எடையிட்டுப் பார்த்து அவையில் வையுங்கள். யார் பிரித்து எண்ணினும் அப்போது அது குறையாது நிற்கும்.