ரெகுலேட்டரி வேலைக்கு எந்த வாசல்?

“பி.ஃபார்ம் முடித்திருக்கிறேன். ரெகுலேட்டரி அஃபேர்ஸுக்கு எங்கே விண்ணப்பித்தாலும் இரண்டு வருட அனுபவம் கேட்கிறார்கள்.” என்னிடம் இப்படிச் சொல்லும் பிள்ளைகளில் பலர், அடுத்த மூச்சிலேயே ஒரு சான்றிதழ் வகுப்பில் சேரலாமா என்று கேட்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். பணம் கட்டுவதற்கு முன் மற்ற வாசல்களையும் பார்த்துவிடலாம்.

இந்த வேலையின் மையம் டோசியர். ஒரு மருந்தை விற்க அனுமதி கேட்டு அரசிடம் ஒப்படைக்கும் ஆவணத் தொகுப்பு அது. சி.டி.டி. என்ற பொது அமைப்பில் அதற்கு ஐந்து பகுதிகள். மருந்தின் தரத்தைப் பற்றியது மூன்றாம் பகுதி. ஜெனரிக் கம்பெனிகளில் உழைப்பின் பெரும்பங்கு அதற்கே போகிறது. அந்தக் காகிதங்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தவரை, பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும், அனுபவம் உள்ளவராகவே நான் எடுத்துக்கொள்வேன்.

அதனால்தான் ஆலையில் தரப் பரிசோதனை (க்யூ.சி.) அல்லது தர உறுதி (க்யூ.ஏ.) வேலை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள் என்கிறேன். நேர்காணலில் நான் இரண்டு தாள்களைக் கொடுப்பதுண்டு. ஒன்று பேட்ச் பகுப்பாய்வுச் சான்று: மருந்தின் அளவுக்கு வரம்பு 95 முதல் 105 சதவீதம். மற்றொன்று, 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்த்த ஸ்டெபிலிட்டி அட்டவணை: அதில் வரம்பு 90 முதல் 110. வகுப்பில் மட்டும் படித்தவர் “தப்பு” என்பார், அல்லது கவனிக்கவே மாட்டார். ஆலையிலிருந்து வந்த ஒரு பெண் அட்டவணையில் விரலை வைத்து, “இது ஆயுள்கால வரம்பா மேடம்? அப்படியென்றால் அதற்கான ஸ்பெசிஃபிகேஷன் தனியாக இருக்க வேண்டுமே, அது எங்கே?” என்று கேட்டாள். வெளியீட்டு வரம்பும் ஆயுள்கால வரம்பும் வேறுபடலாம். அதற்கு ஆதாரம் டோசியரில் இருக்க வேண்டும். அதிகாரியும் இதே கேள்வியைத்தான் கேட்பார். ஸ்டெபிலிட்டி சேம்பரிலிருந்து சாம்பிள் எடுத்துப் பழகிய கைக்கு அது தானாக வந்தது.

இந்த வழியிலும் கஷ்டம் உண்டு. ஷிப்ட், ஆலத்தூர், ஓசூர் என்று ஊருக்கு வெளியே பயணம், சில வருடப் பொறுமை. சும்மா இருந்தால் யாரும் உங்களை ஆர்.ஏ. எனப்படும் ரெகுலேட்டரி அஃபேர்ஸ் பிரிவுக்கு மாற்றிவிட மாட்டார்கள். ஆர்.ஏ. பிரிவு கேட்கும் ஆவணங்களைத் திரட்டி அனுப்பும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். அங்கிருந்துதான் அவர்களுக்கு உங்கள் முகம் தெரியும்.

உடனே சம்பளமும் ‘ரெகுலேட்டரி’ என்ற பெயரும் வேண்டுமென்றால் பப்ளிஷிங் இருக்கிறது. அமெரிக்க எஃப்.டி.ஏ. 2017 மே முதல் புதிய மருந்து, ஜெனரிக் விண்ணப்பங்களை இ-சி.டி.டி. என்ற மின்னணு சி.டி.டி. வடிவில்தான் வாங்குகிறது. ஆவணங்களை பி.டி.எஃப். ஆக்கி, புக்மார்க் போட்டு, ஹைப்பர்லிங்க் கொடுத்து, வேலிடேஷன் ஓட்டிப் பிழை திருத்தும் வேலை இது. ஹைதராபாத், பெங்களூரு, சென்னை சேவை நிறுவனங்கள் இதற்குப் புதியவர்களையும் எடுக்கின்றன. ஆனால் லிங்க் போடும் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமலே மூன்று வருடம் ஓடிவிடும் ஆபத்து இங்கே பெரிது. தினமும் ஒரு பிரிவையாவது முழுதாக வாசியுங்கள்.

பயோமெடிக்கல் படித்தவர்கள் மருத்துவக் கருவிப் பக்கம் பார்க்கலாம். நம் நாட்டின் 2017 விதிகளின்படி கருவிகளுக்கு ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகள். ஏ, பி வகுப்புகளின் தயாரிப்பு உரிமம் மாநிலத்திடம், சி, டி மத்திய அரசிடம். அதுவரை பட்டியலில் இல்லாத கருவிகள் பலவற்றுக்கும் 2022, 2023 அக்டோபர்களில் இரண்டு கட்டமாக உரிமம் கட்டாயமானது. அதனால் இதுவரை ரெகுலேட்டரி ஆளே வைத்திராத சிறு தயாரிப்பாளர்களுக்கும் இப்போது ஆள் தேவை. விண்ணப்பம் முதல் தணிக்கை வரை எல்லாம் உங்கள் கையில் வரும், சொல்லிக்கொடுக்க மூத்தவர் மட்டும் இருக்க மாட்டார். தானே விதியைப் படித்துப் புரிந்துகொள்பவருக்கு நல்ல இடம்.

இனி வகுப்புகள். கம்பெனியில் புராஜெக்ட் செய்யக் கிடைக்கும் எம்.ஃபார்ம் என்றால் படியுங்கள். குறுகிய காலச் சான்றிதழுக்காகக் கடன் வாங்க வேண்டாம். அந்த வகுப்புகளில் சொல்லித்தரும் ஐ.சி.எச். என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டிகள் இணையத்தில் இலவசம். ஐரோப்பிய மருந்து முகமை தான் பரிசீலித்த மருந்துகளின் மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகிறது. ஒன்றை எடுத்து, தரப் பகுதியை மட்டும் படித்து, இரண்டு பக்கத்தில் உங்கள் சொற்களில் எழுதி நேர்காணலுக்குக் கொண்டுபோங்கள். சான்றிதழைவிட அந்த இரண்டு பக்கத்தை நான் கூர்ந்து வாசிப்பேன்.

எந்த வேலை வந்தாலும் சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: “முதல் ஆறு மாதம் என் கைக்கு எந்த ஆவணம் வரும்?” ஸ்டெபிலிட்டி அறிக்கை, ஸ்பெசிஃபிகேஷன், அதிகாரிகள் அனுப்பும் க்வெரி என்று பெயர் சொல்லிப் பதில் வந்தால், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும் அங்கே சேருங்கள்.