பின் ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாத்தலாமா?

எங்க வீட்டு செடான் ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கினா, பின்பக்கம் மட்டும் தொட்டில் மாதிரி நாலஞ்சு தடவை ஆடும். பின்சீட்ல உட்கார்ற பாட்டிக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் இடுப்பு வலி. ஷெட்ல காட்டினப்போ, "ரெண்டு பின் ஷாக்கும் போச்சு தம்பி" என்றார் மெக்கானிக். லீவுல நானே மாத்துறேன்னு அப்பாகிட்ட சொன்னேன். மாத்தவும் செஞ்சேன். ஆனா ஒரு தப்பு பண்ணினேன். அந்தத் தப்பையும் சேர்த்ததுதான் இந்தப் பாடம்.

ஷாக் அப்சார்பர் என்ன செய்யுது?

பெயரைப் பார்த்து, அதிர்ச்சியைத் தாங்குறது இதுதான்னு நினைப்போம். உண்மையில் வண்டியின் எடையைத் தாங்குவதும், குழியின் அதிர்ச்சியை முதலில் வாங்கிக்கொள்வதும் ஸ்பிரிங்தான். ஆனா ஸ்பிரிங் வாங்கின ஆற்றலை அப்படியே திருப்பிக் கொடுத்துடும். அதனாலதான் ஆட்டம். ஷாக் அப்சார்பருக்குள்ளே இருக்கிற பிஸ்டன், எண்ணெயைச் சின்ன வால்வு துளைகள் வழியா தள்ளும். அங்கே ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமா மாறி வெளியே போயிடும்.

டைனமிக்ஸ் பேப்பர்ல படிச்சதை இங்கே போட்டுப் பார்ப்போம். ஒரு பின்சக்கரத்தின் மேல் 250 கிலோ, ஸ்பிரிங்கின் விறைப்பு மீட்டருக்கு 20,000 நியூட்டன்னு வச்சுக்குவோம். வண்டி நொடிக்கு சுமார் 1.4 தடவை ஆடும். டேம்பிங் ரேஷியோ 0.3 இருந்தா, ஒரு முழு ஆட்டம் முடியும்போது மீதி இருக்கிற ஆட்டம் 14 சதவீதம்தான். எண்ணெய் கசிந்து அதே ரேஷியோ 0.05 ஆயிடுச்சுன்னா மீதி 73 சதவீதம். ஐந்து ஆட்டம் முடிஞ்சும் ஐந்தில் ஒரு பங்கு பாக்கி இருக்கும். பாட்டியோட இடுப்பு வலிக்கு கணக்கு கிடைச்சாச்சு!

ஆட்டம் மட்டும் பிரச்சனை இல்லை. சக்கரம் துள்ளும்போது ரோட்டை அழுத்தமா பிடிக்காது. அப்போ பிரேக் போட்டா வண்டி நிற்கும் தூரம் கூடும், டயரும் திட்டுத் திட்டா தேயும்.

வண்டியைத் தூக்குறதுக்கு முன்னாடி

முதல்ல ஒரு எச்சரிக்கை. பின்னாடி ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனியா இருக்கிற வண்டிக்குத்தான் இந்த முறை. டார்ஷன் பீம் வச்ச பல செடான்கள் இப்படித்தான் இருக்கும். ஸ்பிரிங்குக்கு நடுவுல ஷாக் அப்சார்பர் சேர்ந்தே இருந்தா (முன்பக்க ஸ்ட்ரட் மாதிரி) வீட்ல தொடாதீங்க. அமுங்கின ஸ்பிரிங் விடுபட்டா உயிருக்கே ஆபத்து.

அடுத்து ஹேண்ட் பிரேக். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். நாம தூக்கப் போறதும் பின்சக்கரத்தைத்தான்! அதனால சமதரையில நிறுத்தி, கியர்ல போட்டு, முன்சக்கரம் ரெண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைக்கணும். வீல் நட்டுகளைத் தரையில இருக்கும்போதே லேசா இளக்கிக்கணும். தூக்கின பிறகு பாடிக்கு அடியில ஸ்டாண்ட் கட்டாயம். ஜாக்கி தூக்குறதுக்கு மட்டும்தான், தாங்குறதுக்கு இல்லை. அதை நம்பி கையைக்கூட உள்ளே விடக் கூடாது.

கழட்டி மாட்டுறது

1. முந்தின நாள் ராத்திரியே கீழ் போல்ட்ல துரு இளக்குற ஸ்ப்ரே அடிச்சு வைங்க. மேல் நட்டு பல செடான்ல டிக்கி லைனிங்குக்குப் பின்னாடி இருக்கும்.

2. சக்கரத்தைக் கழட்டி, ஸ்பிரிங் உட்கார்ற இடத்துக்கு அடியில இன்னொரு ஜாக்கியை லேசா முட்டுக் கொடுங்க. பீமின் நடுவுல வைக்காதீங்க, வளைஞ்சுடும். பல வண்டிகளில் ஆக்ஸில் கீழே இறங்காம பிடிச்சிருக்கிறதே ஷாக் அப்சார்பர்தான். முட்டு இல்லாம கழட்டினா ஆக்ஸில் தொங்கி, பிரேக் ஹோஸ் இழுபடும்.

3. மேல் நட்டைத் திருப்பும்போது ராடும் கூடவே சுத்தும். ராடின் நுனியை ஸ்பேனரால பிடிச்சுக்கிட்டு நட்டைத் திருப்பணும். புது ராடின் பளபளப்பான பகுதியை கட்டிங் பிளேயரால பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், அது சீலை அறுத்து எண்ணெய் கசிய விடும்.

4. புதுசை நேரா நிறுத்தி, நாலஞ்சு தடவை முழுசா அமுக்கி இழுங்க. படுக்க வச்சிருந்தப்போ உள்ளே புகுந்த காற்று வெளியேறிடும். பிறகு மேல் நட்டையும் கீழ் போல்ட்டையும் மாட்டுங்க. கீழ் போல்ட்டை இப்போ கையால மட்டும் திருகி விடுங்க.

5. ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் அடுத்த பக்கம். ஒண்ணு மட்டும்தான் கெட்டிருந்தாலும் ஜோடியா மாத்தணும். இல்லைன்னா ரெண்டு சக்கரமும் ரெண்டு விதமா நடந்துக்கும்.

நான் பண்ணின தப்பு

சக்கரம் காத்துல தொங்கிட்டிருக்கும்போதே கீழ் போல்ட்டை முழு பலத்தோட இறுக்கிட்டேன். ஓட்டிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. பாட்டிகூட பாராட்டினாங்க. ரெண்டு மாசத்துல பின்னாடி இருந்து கிறீச் கிறீச்னு சத்தம். டூப்ளிகேட் பொருள் கொடுத்துட்டாங்கன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குக் கிளம்பினேன். போற வழியில ஷெட்ல காட்டினப்போ அதே மெக்கானிக் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, எடை இறங்கின பிறகு இறுக்குனியா, தூக்கி வச்சே இறுக்குனியா?"

கீழ் முனையில ரப்பர் புஷ் இருக்கு. அதோட உள் குழாயை போல்ட் இறுக்கிப் பிடிச்சுக்கும், அது சுத்தாது. ஷாக் அப்சார்பர் அசையும்போது நடுவுல இருக்கிற ரப்பர்தான் முறுக்கிக் கொடுக்கும். தொங்கும் நிலையில இறுக்கினா, ரப்பருக்கு ஓய்வு நிலை அதுதான்னு ஆயிடும். வண்டி தரையில நின்னாலே ரப்பர் முறுக்கின நிலையில இருக்கும். ஓடும்போது இன்னும் முறுக்கும். என் புஷ் ஓரத்துல கிழிஞ்சிருந்தது.

சரியான முறை இதுதான்: ஸ்டாண்டை எடுக்காமலே, ஸ்பிரிங்குக்கு அடியில இருக்கிற ஜாக்கியை மெதுவா ஏத்தணும். பாடி ஸ்டாண்டை விட்டு எழும்பப் பார்க்கிற நிலை வந்தா, சக்கரத்துல எடை விழுந்த மாதிரிதான். அப்போ டார்க் ரெஞ்சால, சர்வீஸ் மேனுவல்ல சொன்ன அளவுக்கு இறுக்கணும். கொஞ்ச நாள் ஓட்டின பிறகு எல்லா நட்டுகளையும் ஒரு தடவை சரிபார்க்கணும்.

டேம்பிங் கணக்கை எக்ஸாம்ல முழு மார்க்குக்கு எழுதினவன் நான். அந்தச் சமன்பாட்டில் ஒரு ஆரம்ப நிலை இருக்கும், அதை மறந்தா விடை தப்பும். போல்ட்டுக்கும் அப்படி ஒரு ஆரம்ப நிலை இருக்குன்னு ஷெட்லதான் தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க இறுக்குறதுக்கு முன்னாடி, வண்டியின் எடை எங்கே இருக்குன்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க.