தக்காளி விழுதும் நாடுகளின் கூட்டுறவும்

விளைச்சல் பெருகும் ஆண்டில் உழவர் மகிழ்தல் வேண்டும். தக்காளி பயிரிடுவோரோ பெரும்பாலும் அவ்வாண்டில்தான் வருந்துகின்றனர். பறித்த பழம் சில நாட்களே தாங்குமாதலின், கேட்ட விலைக்குக் கொடுத்தாக வேண்டியிருக்கின்றது. பழத்தைப் பதப்படுத்தும் தொழிற்சாலை அமைந்துவிட்டால் இவ்விடர் தீரும் என்று பலர் எண்ணுவர். அஃது முழு உண்மையன்று. காரணத்தை ஆராய்வோம்.

ஏறக்குறைய 6 டன் பழத்திலிருந்து நீரை ஆவியாக்கி நீக்கினால் 1 டன் கெட்டி விழுது கிடைக்கும். கிருமியற்ற பைகளில் அடைத்துப் பீப்பாய்களில் இட்டால் அஃது ஓராண்டுக்கு மேலும் கெடாது. பழம் எளிதில் கடல் கடவாது, விழுது கடக்கும். ஆதலின் சீனத்தில் மிகுந்த விழுது ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலையைத் தாழ்த்தக்கூடும். ஒரு நாட்டின் மிகுதி மற்றொரு நாட்டு உழவரின் நட்டமாகின்றது.

இதனை உணர்ந்த நாடுகள் செய்தது யாது?

முதலாவது, பொது அளவு. உணவுத் தரங்களுக்கான பன்னாட்டுக் குழு 1981இல் வகுத்த தரத்தின்படி, உப்பு நீங்கலாகக் கரைந்துள்ள திடப்பொருள் நூற்றுக்கு 24 பங்கேனும் இருந்தால்தான் அது விழுது எனப்படும். வாங்குவோரும் விற்போரும் ஒரே படியால் அளக்கின்றனர்.

இரண்டாவது, பொதுக் கணக்கு. 1998இல் உலகப் பதப்படுத்தும் தக்காளி மன்றம் தோன்றிற்று. உழவர்களையும் ஆலைகளையும் சார்ந்த பல நாட்டு அமைப்புகள் இதில் உள்ளன. தத்தம் நாட்டில் எவ்வளவு பழம் ஆலைக்கு வரும் என்னும் மதிப்பீட்டை அவை தெரிவிக்கின்றன. மன்றம் அவற்றைத் தொகுத்து வெளியிடுகின்றது. சந்தையில் போட்டியிடுவோரே ஒருவர்க்கொருவர் கணக்கைத் திறந்து காட்டுகின்றனர் என்பதே இதன் சிறப்பு.

மூன்றாவது, பொது அறிவு. பயிர் நோய், விதை, நீர்ச் சிக்கனம் ஆகியவை பற்றி ஆராய்வோரும் தொழில் நடத்துவோரும் உலக மாநாட்டில் கூடுகின்றனர். 2024இல் அம்மாநாடு அங்கேரியின் புடாபெஸ்டு நகரில் நடைபெற்றது.

இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். விலை நிர்ணயம் செய்தல் மன்றத்தின் வேலையன்று. 2024இல் உலகில் 4 கோடி டன்னுக்கு மேல் தக்காளி ஆலைகளுக்குச் சென்றது, சரக்குத் தேங்கிற்று. 2025இல் சீனம் உற்பத்தியைப் பெரிதும் குறைக்க நேர்ந்தது. கணக்கு எச்சரிக்கும், கையைப் பிடித்துத் தடுக்காது. விலை பேசும் வலிமை உள்ளூர்ச் சங்கத்தினின்றே வருதல் வேண்டும். 1947இல் தோன்றிய கலிபோர்னியத் தக்காளி உழவர் சங்கம் உறுப்பினர் சார்பில் ஆலைகளுடன் விலை பேசி வருகின்றது. வட இத்தாலியில் உழவர் அமைப்புகள் ஆண்டுதோறும் ஆலைகளுடன் பேசி ஒப்பந்தம் செய்கின்றன.

நாம் தணிக்கைக்குச் செல்லும் ஊர்களில், அடுத்த வயல்காரர் அறிந்தால் தமக்கு நட்டம் என்று கருதிப் பயிரிடும் பரப்பை மறைப்போரைக் கண்டதுண்டு. முடிவில் இருவரும் ஒரே நாளில் ஒரே சந்தையில் கூடையை இறக்குகின்றனர்! நெசவாளர்க்கும் இது பொருந்தும். எத்தனை தறிகளில் ஒரே வகைச் சேலை ஓடுகின்றது என்பதை அறியாமல் நெய்தால் சரக்குத் தேங்காதா?

அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் இதனை விவாதிப்பார்களாக. பயிரிடுமுன், பாவு போடுமுன், அவரவர் அளவைச் சங்கப் பதிவேட்டில் எழுதுக. கடல் கடந்த நாடுகளே கணக்கை மறைக்கவில்லை. ஒரே சங்கத்தார் மறைப்பது ஏன்?