ஷாக் அடிக்காத மின்விபத்துக்கு நஷ்டஈடு உண்டா?

கேள்வி: என் கணவருக்கு வயது 40. நூற்பாலை ஒன்றில் எலெக்ட்ரீஷியன், மாதச் சம்பளம் 24,000 ரூபாய், ஈ.எஸ்.ஐ. கிடையாது. 2025 ஜனவரியில் மெயின் பேனலில் பிரேக்கரை வெளியே இழுக்கும்போது பெருஞ்சத்தத்துடன் தீ வெடித்து, முகமும் இரு கைகளும் வெந்துவிட்டன. வலது கை விரல்களை இன்னும் மடக்க முடியவில்லை. “ஷாக் அடிக்கவே இல்லையே, சப்ளையை நிறுத்தாமல் கை வைத்தது அவர் தப்பு, கிளவுஸும் போடவில்லை” என்கிறது நிர்வாகம். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரிடம், தன் கவனக்குறைவே காரணம் என்று எழுதிய தாளில் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். 50,000 ரூபாயோடு முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா, ஐயா?
– ஒரு வாசகி, பல்லடம்

பதில்: அம்மணி, மின்விபத்து என்றாலே ஷாக் என்று சாமானிய ஜனங்கள் நினைப்பதில் வியப்பில்லை, பேனல் போர்டு வைத்து ஆலை நடத்துகிறவர்கள் அப்படிப் பேசுவதுதான் ஆச்சரியம். 415 வோல்ட் பாயும் பஸ்பார்களுக்கிடையே ஒரு ஸ்பானர் நழுவினாலும், பிரேக்கரின் காண்டாக்ட் கோணலாகப் பிரிந்தாலும், நடுவிலுள்ள காற்றே மின்சாரத்துக்குப் பாதையாகி, கண் இமைக்கும் பொழுதுக்குள் பல்லாயிரம் டிகிரி உஷ்ணமுள்ள மின்வில் எழுந்து, செம்பை ஆவியாக்கி எதிரே நிற்பவன் முகத்தில் வாரி இறைக்கிறது. இதற்குத் தேகத்தில் மின்சாரம் பாயவே வேண்டாம். ரப்பர் கிளவுஸ் ஷாக்கைத் தடுக்க ஏற்பட்டது. இந்த அனலுக்கு, மின்வில்லுக்கென்றே சோதித்துத் தரம் குறித்த அங்கியும், முகம் முழுவதையும் மூடும் கவசமும் அவசியம். பாலியெஸ்டர் கலந்த யூனிஃபார்மோ உருகி மேனியோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கிளவுஸைப் பற்றிக் கேட்பவர்களிடம், அங்கியும் கவசமும் ஆலையில் இருந்தனவா என்று தாங்கள் திருப்பிக் கேட்கலாம்.

இனி சட்டத்துக்கு வருவோம். 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்துவிட்ட போதிலும், தங்கள் கணவரின் பாத்தியதை விபத்து நேர்ந்த அன்றே பிறந்துவிட்டதாகையால், 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டமே இங்கே பிரமாணம். அதன் 3ஆம் பிரிவு முதலாளியின் குற்றத்தைத் தேடுவதில்லை. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் காயம் நேர்ந்ததா என்பதொன்றே கேள்வி. தொழிலாளியின் அஜாக்கிரதை அவருடைய உரிமையைப் போக்காது. மது அருந்தியிருந்தாலோ, தெளிவாக இடப்பட்ட பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே புறக்கணித்திருந்தாலோதான் முதலாளி தப்ப முடியும்; மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்துவிட்டால் அந்த வாதத்துக்கும் இடமில்லை. கவனக்குறைவு வேறு, வேண்டுமென்றே மீறுவது வேறு. பின்னதை நிரூபிக்கும் பாரம் ஆலையின் தலைமேல் இருக்கிறது. சப்ளையை நிறுத்தி எர்த் செய்த பிறகே கை வைக்க வேண்டும் என்பது மின்சார விதிமுறைதான். ஆனால் நிறுத்துவதற்கு எழுத்து மூலமான பர்மிட் முறை அங்கே இருந்ததா, அல்லது “நூற்பு ஃபிரேம் நிற்கக் கூடாது, அப்படியே மாற்று” என்று ஷிப்ட் அதிகாரி சொன்னாரா என்பதைத் தங்கள் கணவரும் உடன் வேலை செய்தவர்களும் இப்போதே, ஞாபகம் மங்குமுன், எழுதி வைப்பது நல்லது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாங்கிய கையெழுத்துக்காகத் தாங்கள் கலங்க வேண்டாம். கவனக்குறைவை ஒப்புக்கொண்டாலும் உரிமை போகாது என்று மேலே பார்த்தோம். 50,000 ரூபாயோடு முடித்துக்கொள்ளும் பேச்சைப் பொறுத்தவரையோ, இழப்பீட்டு உரிமையைக் கைவிடுவதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 17ஆம் பிரிவு கூறுகிறது.

சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டுவதால் ஈ.எஸ்.ஐ. சட்டம் இந்தக் கோரிக்கைக்குக் குறுக்கே வராது என்று கொள்கிறேன். இழப்பீட்டுக் கணக்கில் மாத ஊதியம் 15,000 ரூபாய்க்கு மேல் எவ்வளவாயினும் 15,000 ரூபாயாகவே கொள்ளப்படும். அதில் அறுபது சதவீதத்தை, 40 வயதுக்கு உரிய 184.17 என்ற காரணியால் பெருக்கினால் முழு ஊனத்துக்கு 16,57,530 ரூபாய் வரும். சம்பாதிக்கும் சக்தியில் பாதி போயிற்று என்று மருத்துவர் மதிப்பிட்டால் 8,28,765. மிகக் கடுமையான முகச் சிதைவுக்குச் சட்டத்தின் முதல் அட்டவணையே நூறு சதவீதம் என்கிறது. முகத் தழும்புகளை மருத்துவர் சான்றிதழில் விவரமாகக் குறிக்கச் செய்யுங்கள். ஒரு கையை இழந்த தச்சர், தச்சு வேலைக்கு லாயக்கற்றவர் ஆனதால் அது முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் 1975இல் ஸ்ரீநிவாஸ் சபதா வழக்கில் ஏற்றுக்கொண்டது. விரல் மடங்காத எலெக்ட்ரீஷியனுக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பை நான் அறியேன். மருத்துவச் செலவு முழுவதும் இதற்கு மேல் தனியாக வர வேண்டும். ஒரு மாதத்துக்குள் கொடாத தொகைக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி உண்டு. தாமதத்துக்கு நியாயமில்லையெனில் தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம்.

மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவுப்படி விபத்தை மின் ஆய்வாளருக்கு ஆலை தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்ததா என்றும், விசாரணை நடந்திருந்தால் அதன் அறிக்கையையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்; மறைத்திருந்தால் அதுவே தங்களுக்கு அனுகூலமான சாட்சியம். தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக உள்ள அதிகாரியிடம், விபத்து நேர்ந்த இடத்திலோ தாங்கள் குடியிருக்கும் இடத்திலோ மனுச் செய்யலாம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளே கெடு, அதாவது 2027 ஜனவரிக்குள். அதற்குள் ஆலை நீட்டும் வேறெந்தத் தாளிலும் கணவர் கையெழுத்திடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.