சமையலறை மர அலமாரிகளுக்கு வர்ணம்: தை, மாசி மாதங்களுக்குச் சில யோசனைகள்

மார்கழி முடிந்து தை பிறக்கவிருக்கும் இத்தறுவாயில், சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கத்தோடு சேர்த்துச் சமையலறையின் பழைய மர அலமாரிகளுக்கும் ஒரு கை வர்ணம் பூசிவிடலாமே என்ற எண்ணம் பல வீடுகளில் எழுவதும், எழுந்தவுடன் அதைப் போகிக்கு முன்னதாகவே முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அதைத் தொற்றிக்கொள்வதும் ஆண்டுதோறும் நிகழ்கிற விஷயம். எண்ணம் நல்லதுதான், ஆனால் அவசரம் உசிதமன்று. சுண்ணாம்புக்கு ஈரம் பகையல்லாததால் சுவர் வேலையைப் பண்டிகைக்கு முன் தாராளமாகச் செய்துகொள்ளலாம். மரத்தின் மீது பூசும் எனாமல் வர்ணத்தையோ தை மாதம் பத்துத் தேதிகளாவது கடந்த பிறகு, மாசி மாத முடிவுக்குள் பூசுவதே நம் பிரதேசத்துக்கு ஏற்றது.

காரணம் வெளிப்படை. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், சில ஆண்டுகளில் ஜனவரி நடுப்பகுதி வரையிலுமே நீடிக்கும் வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை மரம் காற்றிலிருந்து உறிஞ்சி உப்பியிருக்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அலமாரிக் கதவுகள் சட்டத்தில் இறுகிப் பிடித்துக்கொண்டு திறக்க மறுத்தது இதனால்தான். அந்த ஈரம் உள்ளே இருக்கும்போதே மேலே வர்ணத்தைப் பூசி மூடிவிட்டால், பங்குனி, சித்திரை மாதங்களின் உஷ்ணத்தில் அது வெளியேற வழி தேடி, வர்ணத்தைக் கொப்புளம் கொப்புளமாக எழுப்பிவிடும். பழி பெரும்பாலும் வர்ணத்தைத் தயாரித்த கம்பெனியின் மீது விழும். மரம் உலர்ந்துவிட்டதா என்று அறியக் கருவி எதுவும் அவசியமில்லை: மழைக்காலத்தில் பிடித்த கதவு இப்போது உராயாமல் சாத்துகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் சுவருக்குள்ளேயே பதித்திருக்கும் அலமாரிகளுக்கு மட்டும் இன்னொரு சோதனை வேண்டும். பின்சுவரில் ஒரு முழ அகலப் பிளாஸ்டிக் தாளை நாற்புறமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்தால், அதன் சுவர்ப் பக்கத்தில் நீர்த்துளிகள் பூத்திருக்குமாயின் சுவரில் ஓதம் இருக்கிறதென்று அர்த்தம். ஓதத்தின் மூலகாரணத்தை, அதாவது ஒழுகும் குழாயையோ விரிசல் விட்ட வெளிப்பூச்சையோ சரிசெய்யாமல் வர்ணம் பூசுவது வீண் செலவு.

ஆகவே பொங்கலுக்கு முந்திய இந்த நாட்களை ஆயத்த வேலைகளுக்கு ஒதுக்குங்கள். போகியன்று வீட்டை ஒழிக்கும் சாக்கில் அலமாரிகளைக் காலி செய்து, கதவுகளையும் இழுப்பறைகளையும் கழற்றிவிடலாம். எந்தக் கதவு எந்த இடத்தைச் சேர்ந்தது என்பதைக் கீல் பதியும் பள்ளத்தில் பென்சிலால் எண்ணிட்டு வைப்பது அவசியம். ஒரே அளவுபோலத் தோன்றும் பழைய கதவுகள் உண்மையில் ஒன்றுக்கொன்று நூலிழை வித்தியாசப்படும், இடம் மாறினால் சாத்தா. திருகாணிகளை அந்தந்தக் கதவு வாரியாகப் பிரித்துவைக்க உபயோகமற்ற அஞ்சறைப்பெட்டி ஒன்று மிகவும் சௌகரியம். கீல்களையும் குமிழ்களையும் கழற்றாமல் அவற்றின் மேலேயே வர்ணத்தை இழுத்துவிடும் பழக்கம் சில வேலைக்காரர்களிடம் உண்டு. அதற்கு இடம் கொடாதீர்கள்.

உளுத்துப்போன தட்டுகளும் உடைந்த கதவுகளும் கிடைக்குமானால் அவற்றைப் போகி நெருப்பில் போட வேண்டாம் என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முற்காலத்து எனாமல்களில், விசேஷமாக மஞ்சள், சிவப்பு, பச்சை முதலிய பளிச்சிடும் நிறங்களில், காரீயக் கூட்டுப்பொருள்கள் தாராளமாகச் சேர்ந்திருந்தன. வீட்டு உபயோக வர்ணங்களில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்று மத்திய அரசு 2016இல் வகுத்த விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சு எதிலும் காரீயம் இருக்கக்கூடும் என்று கொள்வதே ஜாக்கிரதை. எரித்தால் அது புகையிலும் சாம்பலிலும் கலந்து, தெருவில் மேளம் தட்டிக்கொண்டிருக்கும் குழந்தைகளையே முதலில் சென்றடையும்.

இனி, இவ்வேலையின் உயிர்நிலையான கழுவுதலுக்கு வருவோம். வர்ணம் பூசுவதில் நம்மவர்கள் காட்டும் உற்சாகத்தில் கால் பங்கைக் கழுவுவதில் காட்டினால் பாதி அலமாரிகள் பத்தாண்டுகளுக்கு மறு பூச்சைக் கேட்கமாட்டா. தினந்தோறும் தாளிக்கும்போது ஆவியாகப் பறக்கும் எண்ணெய், அடுப்புக்கு மேலும் பக்கத்திலும் உள்ள கதவுகளில் படிந்து, தூசியோடு கலந்து, ஆண்டுக்கணக்கில் பிசினாக இறுகியிருக்கிறது. கண்ணுக்குப் பழுப்பு நிறமாக மட்டும் தெரியும் இப்படலத்தின் மீது உப்புத்தாளைத் தேய்த்தால் எண்ணெய் நீங்குவதற்குப் பதில் மரத்தின் நுண்துளைகளுக்குள் புகுந்துவிடும். ஆதலால் தேய்ப்பதற்கு முன்பே கழுவ வேண்டும் என்ற கிரமத்தை மாற்றலாகாது. ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடாவைக் கரைத்து, கையுறை அணிந்துகொண்டு, நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, தேங்காய் நாரால் மூலைமுடுக்குகளைத் தேய்த்து, பிறகு சுத்த ஜலத்தால் இருமுறை துடைத்தெடுங்கள். சோடா மிச்சமிருந்தால் அதுவும் வர்ணத்துக்குப் பகை. தண்ணீரைக் கொட்டிக் கழுவுவது கூடாது. பலகை வளையும், ஒட்டுப்பலகையாக இருந்தால் விளிம்புகள் பிளக்கும். கழுவியது போதுமா என்ற சந்தேகத்தைத் தீர்க்கும் வழி சுலபமானது: கதவின் மீது சில துளி நீரைத் தெளித்தால், தாமரை இலைத் தண்ணீர்போல் அது உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது, பரவிப் படர்ந்தால் போய்விட்டது. அடுப்புக்கு மேலுள்ள கதவுக்கு ஒரு தடவை போதுவது அபூர்வம். கழுவிய கதவுகளை நிழலில், இருபுறமும் காற்றுப்படச் சாய்த்து வைத்துப் பண்டிகை கழியும் வரை மறந்துவிடலாம்.

பொங்கலுக்குப் பின் கதவுகளை எடுக்கும்போது, பழைய பூச்சின் தன்மையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒரு மறைவான மூலையில் தேய்க்கையில் பூச்சு பிசுபிசுத்துக் கரைந்தால் அது அரக்குப் பாலிஷ். அதை ஸ்பிரிட்டாலேயே துடைத்தெடுத்துவிடுவது நல்லது. அசையாதிருந்தால் எனாமலாகவோ வார்னிஷாகவோ இருக்கும். இறுகப் பற்றியிருக்கும் பூச்சை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டிய அவசியமில்லை, பளபளப்பு மங்கும்வரை 180 அல்லது 220ஆம் எண் தாளால் தேய்த்தால் போதும். பழைய எனாமலை உலர்ந்த நிலையில் தேய்த்துப் பொடி பறக்கவிடாமல், வாட்டர் பேப்பரை நனைத்து ஈரமாகவே தேய்க்க வேண்டும் என்பதற்கு மேலே சொன்ன காரீயமே காரணம். தேய்த்த சேற்றைத் துணியால் வழித்துத் தனியே கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்தப் பக்கம் வரவிடாதீர்கள். ஈரமாகத் தேய்த்த பலகை மறுபடியும் இரண்டொரு நாள் உலர வேண்டும். தட்டுகளில் சிறு துவாரங்களும் அவற்றின் கீழே மாவு போன்ற பொடியும் காணப்பட்டால் உளுவண்டு இருக்கிறது. துவாரத்தைப் பட்டி வைத்து அடைப்பதால் வண்டு சாகாது, தச்சரிடம் காட்டி அந்தப் பலகையை மாற்றுவதே மேல்.

தேக்குக்கு ஒரு வார்த்தை. செட்டிநாட்டு வீடுகளிலும் பழைய சென்னை வீடுகளிலும் அலமாரிகள் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. அவற்றை வெள்ளை எனாமலால் மூடுவதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது; சுரண்டிப் பாலிஷ் போட்டால் அந்த மரத்துக்கு ஈடான அழகு கடையில் கிடைக்காது. இருப்பினும் பூசியே தீர்வதென்று தீர்மானித்துவிட்டால், தேக்கின் இயற்கையான எண்ணெய்ப்பசை வர்ணம் காய்வதைத் தடுக்குமாகையால், பிரைமர் பூசுவதற்குச் சற்று முன்பாகத் தின்னரால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். ஸன்மைக்கா ஒட்டிய கதவுகளுக்கு இந்தக் கட்டுரையில் சொல்லும் எதுவும் பொருந்தாது.

பூசும் வேலைக்கு நேரமும் முக்கியம். தை, மாசி மாதக் காலைகளில் பனி இறங்குவதால் ஒன்பது மணிக்கு முன் தொடங்க வேண்டாம். மாலை மூன்று மணிக்குள் முடித்தால் இரவுப் பனிக்கு முன் மேற்பரப்பு இறுகிவிடும். கடற்கரை ஊர்களில் பிற்பகல் கடற்காற்றையும் கருத்தில் கொள்ளுங்கள். கதவுகளைச் சாத்தி நிறுத்தாமல், கவிழ்த்த கொட்டாங்கச்சிகள் நான்கின் மேல் படுக்கையாக வைத்துப் பூசினால் வர்ணம் வழியாது. ஒரு கை மரப் பிரைமர், அது காய்ந்த பின் பள்ளங்களுக்குப் பட்டி, மீண்டும் லேசாகத் தேய்ப்பு, பிறகு இரண்டு கை எனாமல். தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சு எப்போதும் சிலாக்கியமானது, ஏனெனில் தடித்த பூச்சு மேலே ஆடை கட்டி உள்ளே காயாமல் சுருங்கும். கைக்குக் கை ஒரு இரவு இடைவெளி விடுங்கள். ஒரு லிட்டர் எனாமல் ஒரு கைக்கு ஏறத்தாழ 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். தொட்டித் தண்ணீர் தெறிக்கும் கதவுகளின் அடிவிளிம்பு ஒருவர் கண்ணிலும் படாததால் பூசப்படாமலே போவது வழக்கம். நீர் மரத்துக்குள் ஏறுவதோ அந்த வழியாகத்தான். அங்கே இன்னும் ஒரு கை அதிகமாகவே பூசுங்கள். வெள்ளை வேண்டுமென்பவர்கள் நீரில் கரையும் எனாமலை வாங்குவது விவேகம். எண்ணெய் எனாமல் வெளிச்சம் குறைந்த இடங்களில் நாளடைவில் மஞ்சளித்துவிடும். என் அபிப்பிராயத்தில் அடுப்புப் பக்கத்துக்குச் சந்தன நிறமே பொருத்தம்.

தின்னரும் டர்பெண்டைனும் திறந்திருக்கும் நேரத்தில் காஸ் ரெகுலேட்டரை மூடி, சுவாமி விளக்கு சமையலறையிலேயே இருக்குமானால் அதையும் அன்று வேறிடத்தில் ஏற்றுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தைகளைச் சுருட்டி மூலையில் எறிவது அபாயகரமானது. காற்றோடு சேர்ந்து காய்கையில் அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலர்த்தியோ தண்ணீரில் அமிழ்த்தியோ அப்புறப்படுத்த வேண்டும். தானியமும் காபிப் பொடியும் வாசனையை விரைந்து பற்றிக்கொள்வன ஆகையால், அவற்றை வைக்கும் தட்டுகளின் உட்புறத்தைப் பூசாமலே விடலாம். பூசினாலும் கதவுகளைத் திறந்து வைத்து ஒரு வாரத்துக்குக் குறையாமல் காற்றாட விட்டு, விரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத நிலை வந்த பின்பே டப்பாக்களை அடுக்குங்கள். மாசி முடிவுக்குள் இவ்வளவும் கைகூடாவிட்டால், சித்திரை வெயிலில் வேண்டாம், அக்கினி நட்சத்திரத்தில் ஒருபோதும் வேண்டாம். கழுவித் துடைத்து மாட்டிவைத்துவிட்டு, அடுத்த தை மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம்.